துரை கூடாரத்தில் மல்கோவா

ஒரு பொருள் உபயோகிக்கும்போது கெடுவதைவிட, பத்திரமாக எடுத்து வைக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. அதிலும் எடுத்து வைப்பவள் என்னை மாதிரி பகல்கனவு காண்கிற ஆளாக இருந்தால், அந்தப் பொருளை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரி சர்வே ஆபீசில் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பனிக்காலம் தொடங்கியதும் காடுமேடெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கி நிலம் அளப்பார்கள். கோடை முடிந்து மழை வரும்போது திரும்பி விடுவார்கள். அந்த வருஷம் ஆபீஸ் கிடங்கு ஒழுகியது. முகாம் சாமான் மொத்தமும் வண்டியேறி எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தது.

"ராஜம், இதெல்லாம் சர்க்கார் சொத்து. உன்னை நம்பித்தான் வெச்சிருக்கேன்" என்றார் அவர்.

(நம்பியவர் இன்றும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்.)

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கயிறுகளைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். முளைக்குச்சிகளைக் கழுவித் துடைத்து மண்ணெண்ணெய் டின்னில் அடுக்கினேன். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பழைய வேட்டியில் உறை தைத்தேன். மடக்குக் கட்டில், கான்வாஸ் வாளி, எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். நடுவில், பலகை மேல், மெத்தை மாதிரி மடித்து வைத்த, சர்வே ஆபீஸ் மேலதிகாரி துரையின் பெரிய கூடாரம்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்வேன். புல், புகை, மண்ணெண்ணெய், மழை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை அதில் இருக்கும். கண்ணை மூடினால் அஞ்செட்டிக் காடு வரும். ஏரிக்கரையில் வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள், மேலே கொக்கு. நான் காவேரிப்பட்டணத்தில் பிறந்து கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்டவள். அதற்கு அப்பால் ஓர் ஊரும் பார்த்ததில்லை. அந்தத் துணி மூட்டை மேல் படுத்தபடியே நான் சேலம் ஜில்லா முழுக்கச் சுற்றி வந்தேன்.

ஆனி மாதம் அப்பா தோப்பிலிருந்து மல்கோவா அனுப்பினார். காய்ப்பதம். பழுக்க வைக்க வீட்டில் வைக்கோல் இல்லை. எனக்கு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வருவதை என் குடும்பத்தார் இன்றைக்கும் மழை, இடிபோல முன்கூட்டியே கவனித்து ஒதுங்கிக்கொள்வார்கள்.) கூடாரத்தின் மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளே செருகினேன்.

பழுத்ததே பாருங்கள்! தங்கம். கூடாரம் அடிக்கிற கலாசி காதர் பாய் சாமான் பார்க்க வந்தவர், இரண்டு பழம் தின்றுவிட்டு விரலை நக்கினார்.

"இத்தனை வருசமா இந்த டென்ட்டை வீணா மழைக்கும் வெயிலுக்கும் காட்டிட்டு இருந்தோம்மா" என்றார்.

அந்தப் பாராட்டில் மயங்கி, சீசன் முடியும்வரை பழம் வைத்தேன், எடுத்தேன். வைத்ததையெல்லாம் எடுத்தேனா என்பது வேறு விஷயம். அப்புறம் அந்த அறையில் 'கொறக் கொறக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எலி என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றியிருக்கும். எனக்கோ, முகாமில் வண்டி மாடுகள் அசைபோடுவதாகத் தோன்றியது. சுகமாகத் தூங்கினேன்.

மார்கழியில் ஜூஜுவாடிப் பக்கம் முகாம். மைசூர் எல்லை ஓரம் வேலை. காடு இல்லை, பயமில்லை என்பதால், நான் நச்சரித்த நச்சரிப்பில் என்னையும் கூட்டிப்போனார். பனி மூடிய விடியலில் காதர் பாய் துரை கூடாரத்தை அடித்து முடித்தார். எதிரில் நிற்கிற ஆளே தெரியாத பனி. எல்லாம் சாம்பல் நிறம். கனவில் கண்டதைவிட அழகாக இருந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கூடாரத்துக்குள் மேஜை மேல் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தார். நான் காபியோடு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் துரை பக்கத்தில் நின்றிருந்தார்.

அப்போது பனி விலகியது.

முதலில் துரையின் வழுக்கையில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. பிறகு தோளில் ஒன்று. வரைபடத்தில் நாலைந்து. மடித்த துணியை எலி ஓரிடத்தில் கடித்தால் மடிப்புக்கு மடிப்பு ஓட்டை விழும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அண்ணாந்து பார்த்தால், கூரை முழுக்கப் புள்ளி பிசகாமல் கோலம் போட்ட மாதிரி ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன். துரை சட்டைக் கையில் விழுந்த பொட்டைத் தூசி என்று நினைத்துத் தட்டினார். அது போகவில்லை. நாற்காலியை நகர்த்தினார். வேறு பொட்டுகள் வந்து உட்கார்ந்தன.

எனக்குப் பயப்படத் தோன்றவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தபடி நின்றேன்.

துரை மூக்கை உறிஞ்சினார். "மார்கழி மாசத்துல மாம்பழ வாசனை எங்கேர்ந்து வருது?"

காதர் பாய் வெளியே அவசரமாக எதையோ சுத்தியால் அடிக்கத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போய் என்னைப் பார்த்தார்.

"மல்கோவாங்க" என்றேன் நான்.

துரை காபியைக் குடித்து முடித்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "எலி கடிச்சுதுன்னா மேலிடத்துக்கு எழுதலாம். மாம்பழம் பழுக்க வெச்சோம்னு எப்படிய்யா எழுதுறது? உங்க டென்ட்டுக்கு நான் போறேன். இதுல நீங்க ரெண்டு பேரும் இருங்க. தெச்சு முடிச்சுக் கொடுத்துட்டு இந்தம்மா ஊருக்குப் போகட்டும்" என்றார்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. நான் கோணி ஊசியும் கான்வாஸ் துண்டுமாக உட்கார்ந்தேன். விரலெல்லாம் ஊசிக் குத்து. அவருடைய வேலை போய்விடுமோ என்று கவலை. அந்தக் கவலையோடேயே, வெளிச்சப் பொட்டுகள் தரையில் மெல்ல ஊர்ந்து கட்டில் ஏறி என் மடிக்கு வருவதைப் பார்த்து ஊசியை நிறுத்திவிடுவேன். இரண்டு நாள் வேலை ஒரு வாரம் நீண்டது அப்படித்தான்.

கடைசியில் ஒரே ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவர் உள்ளங்கையில் அந்தப் பொட்டு விழுந்தது. விரல்களை மூடினார், திறந்தார்.

"மத்தியானத்துக்கு மேல தெச்சுக்கலாம், இரு" என்றார். ஒரு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

பல வருஷம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார்கள்: "பொண்ணுக்குத் தையல், பூ வேலையெல்லாம் வருங்களா?"

நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"பொண்ணுக்குச் சுமாராத்தான் வருங்க. அவங்கம்மா பெரிய கை. துணியை மடிச்சு வெச்சாலே போதும், தானா பூ விழுந்துரும்."

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அந்தச் சம்பந்தியம்மாள் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரும்போது பட்டுப்புடவையை என்னிடம் மடிக்கக் கொடுத்ததில்லை.