கேப்டன் மலரின் உப்புமா

"இன்னிக்கு ரவா உப்புமா. எல்லாரும் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. நான் நல்லா இருக்கேன். மலர்."

நடுக்கடலிலிருந்து வந்த இந்தச் செய்தியை அசோகன் நான்கு முறை படித்தார். நான்கு முறையும் அதில் உப்புமாதான் இருந்தது.

குடியிருப்பின் கீழே அறிவிப்புப் பலகை முன்னால் வாட்ச்மேன் நாணு சாக்பீஸோடு காத்திருப்பார். 'தண்ணீர் லாரி மாலை நான்கு மணிக்கு' என்ற வரிக்கு அடியில் தினமும் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதன் தலைப்பு, 'இன்று கேப்டன் மலர்'.

இந்த வினை தொடங்கிப் பதினேழு நாள் ஆகிறது. ஐந்து பேர் கொண்ட பாய்மரப் படகில் மகள் மலர் கோவாவிலிருந்து மொரீஷியஸுக்குக் கிளம்பினாள். "சமையல் வேலைன்னா மட்டும் போ" என்று அவள் அம்மா தனலக்ஷ்மி நிபந்தனை போட்டிருந்தாள். "சமையல் மட்டும்தாம்மா. கேப்டன் வேலையெல்லாம் ரிச்சர்ட்ஸ் டவுன்ல இருக்கானே, அந்த சிரில் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டுத்தான் மலர் போனாள்.

அன்றைக்கே லிஃப்டில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மமதா கேட்டார். "படகுல உங்க பொண்ணுக்கு என்ன வேலை?"

அசோகனின் தாத்தாவும் அப்பாவும் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அவரும் பொம்மசந்திரா தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வெயில் படாமல் ஷிப்டு பார்க்கிறவர். பூமிக்கு அடியில் கிடந்த வம்சத்தில் ஒருத்தி முதன்முதலாகக் கடல்மேல் போகிறாள். அவளைச் சமையல்காரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கேப்டன்" என்றார்.

லிஃப்ட் தரைக்கு வருவதற்குள் மமதா அதை வாட்ஸப்பில் தொம்மலூர் முழுக்க அனுப்பியிருந்தார். மறுநாளே பலகையில் கட்டம் போட்டாயிற்று.

அசோகனுக்குத் தெரிந்தது சுரங்கம்தான். முதல் நாள் எழுதினார்: 'கேப்டன் மலர் முதல் ஷிப்டில் நாலு பேரோடு கீழே இறங்கினார்.'

"ஹௌதா சார்?" என்று கன்னடத்தில் 'அப்படியா' கேட்டார் நாணு. "கடல்ல கீழே எறங்கினா முழுகிட மாட்டாங்களா?"

"அழிச்சிடுங்க."

அப்புறம் மலர் அனுப்பியதையே எழுதிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். குளியல் உப்புத் தண்ணீரில். படகு சாய்ந்தால் தட்டு வழுக்காமல் இருக்க ஈரத்துணிமேல் வைத்துச் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் பிரமிப்பு வரவில்லை. "நம்ம பில்டிங் மாதிரியேதான் சார்" என்றார் நாணு. தண்ணீர் லாரி வராத நாள் அது.

உப்புமா நாளன்று மமதாவே பலகைக்கு வந்துவிட்டார். "என்ன மிஸ்டர் அசோகன், உங்க கேப்டன் சும்மா உக்காந்துக்கிட்டே போறாங்களா? எங்க அக்கா பையன் பைக்ல லடாக் போனப்போ பனிச்சரிவே வந்துச்சு."

பைக்கிடம் தோற்பதா? அசோகன் சாக்பீஸைப் பிடுங்கி எழுதினார்: 'நேற்று பெரும் புயல். பாய் கிழிந்தது. கேப்டன் மலர் தாமே பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிச் சரிசெய்தார்.'

கைதட்டல் கிடைத்தது. கூடவே, கறிவேப்பிலை பறிக்கக் கீழே வந்த தனலக்ஷ்மியும் அதைப் படித்துவிட்டாள்.

"என்னாங்க இது! எம் பொண்ணு மரத்துல ஏறினாளா?"

"அது பக்கத்துப் படகு."

"பக்கத்துப் படகுலயும் ஒரு மலரா?"

"நாணு பேரை மாத்தி எழுதிட்டாரு. நம்ம பொண்ணு பத்திரமா உப்புமா கிண்டிக்கிட்டு இருக்கா. இந்தா, நீயே படி."

தனலக்ஷ்மி படித்தாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "வெந்நீர் வைக்கச் சொன்னா பாத்திரத்தையே தீயவிட்டவ! ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினாங்களாமே!"

அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாலு மாடிக்கும் உப்புமா செய்தி போய்ச் சேர்ந்தது. மமதா வாசலிலேயே மறித்தார்.

"கேப்டன் எதுக்கு உப்புமா கிண்டணும்?"

"கடல் வழக்கம் மேடம். புயலுக்கு அப்புறம் மத்தவங்க மனசு தளராம இருக்க, கேப்டன் தன் கையாலயே..."

"அற்புதம்! ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா வெச்சிடலாம். வீடியோவுல கேப்டனே பேசட்டும்."

"நடுக்கடல்ல வீடியோ வராதுன்னு மலர் சொன்னாளே?"

"அதெல்லாம் வரும். படகு அனுப்பின சங்கத்துல நான் பேசிட்டேன்."

அசோகன் மாடிக்கு ஓடினார். வேறு வழியில்லாமல் மகளுக்கே எழுதினார்: "மலரு, ஞாயித்துக்கிழமை ஒரு அஞ்சு நிமிஷம் நீதான் கேப்டன்னு சொல்லணும். அப்பா மானம் உன் கையில."

பதில் வந்தது: "சரிப்பா. ஆனா அம்மா அங்க இருக்கவே கூடாது."

பாவம், பெற்றவள் முன்னால் பொய் சொல்லப் பிள்ளைக்குக் கூசுகிறது என்று அசோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று தனலக்ஷ்மியை அல்சூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஆட்டோ ஏற்றிவிட்டார். அரை மணியில் அவள் தங்கையோடு திரும்பிவந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "எம் பொண்ணு சமையலுக்கு விழா, நான் இல்லாமலா?" மடியில் மகளுக்குப் படித்துக் காட்டச் சமையல் குறிப்பு நோட்டு. மேடையில் இருந்த பேனரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"கேப்டன் மலர்னு போட்டிருக்கே?"

"மரியாதைக்குப் போடறதுதான். பைக் டாக்ஸிக்காரரைக்கூட கேப்டன்னுதானே சொல்றாங்க" என்றார் அசோகன்.

திரை ஒளிர்ந்தது. நீலக்கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. மலரைக் காணோம். தோளில் துண்டு போட்ட தாடிக்காரன் ஒருவன் கையாட்டினான். "ஹலோ தொம்மலூர்! நான் சிரில்."

அசோகன் நாற்காலி நுனிக்கு வந்தார். நிஜ கேப்டனே வந்து நிற்கிறான்.

"கேப்டன் எங்கே?" என்று மமதா மைக்கில் கேட்டார்.

சிரில் வாயைத் திறப்பதற்குள் அசோகன் எழுந்துவிட்டார். மைக்கை வாங்கினார்.

"நான் எழுதினதெல்லாம் பொய்ங்க. புயலும் இல்ல, மரமும் ஏறல. எம் பொண்ணு கேப்டன் இல்ல, சமையல் பண்றா. ஆனா, நிக்கவே முடியாத படகுல நின்னு, இருபது நாளா அஞ்சு பேருக்கு வயிறாரப் போடறா. எனக்கு அது போதும். அதையே தலை நிமிர்ந்து சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். எம் பொண்ணு உப்புமா கிண்டறா!"

அரங்கம் பலமாகக் கைதட்டியது. தனலக்ஷ்மி நோட்டை உயர்த்திக் காட்டினாள். நாணு விசிலே அடித்தார்.

திரையில் சிரில் மட்டும் கைதட்டவில்லை. குழம்பிப் போய் அண்ணாந்து ஒருமுறை மேலே பார்த்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அங்கிள், புயல்ல பாய் கிழிஞ்சது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கேப்டன் மலர் சொல்லியிருந்தாங்க, அதைத் தைக்கத்தான் இப்பவும் மரத்து மேல இருக்காங்க, ஆனா இருபது நாளா அந்த உப்புமாவைக் கிண்டறவன் நானு!"