தொடாதே சாரும் பஞ்சக் கும்மியும்

திருவண்ணாமலையில் மலையுச்சியைத் தொட்டவர்கள் உண்டு. தேர் வடத்தைத் தொட்டவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் தொடாதே சார் வீட்டுப் புத்தகத்தைத் தொட்டவர் என்று ஊரில் ஒருவரும் கிடையாது. அவருடைய மனைவியே கல்யாணமான நாளிலிருந்து அந்த அலமாரியை வெளிப்புறமாகத்தான் துடைத்து வந்தார்.

சார் ரைஸ் மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பாட்டன், பூட்டன் காலத்துப் புத்தகங்கள். வெளியே மண்டை ஓடும் இரண்டு எலும்பும் வரைந்து, சிவப்பு எழுத்தில் 'தொடாதே' என்று ஒரு பலகை. ஏதோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது என்று தெருவில் பேச்சு. அவருடைய சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் புத்தகங்களில் அவருக்கு உயிருக்கு உயிரானது பஞ்சக் கும்மி. பஞ்ச காலத்தில் ஊர் பட்ட பாட்டை அவருடைய பாட்டனாரே பாட்டாகப் பாடி அச்சடித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துப் படித்துக் காட்டுவார். எச்சில் தெறிக்கக் கூடாது என்று வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படிப்பார். ஒரு வரியும் யாருக்கும் புரியாது.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் செங்கம் ரோட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் விழாக் கமிட்டியார் படம் வரையப் போகிறார்கள் என்று ஒரு நாள் கேள்விப்பட்டார். அவ்வளவுதான்.

"சாமி படம் ஊரெல்லாம் கீது. இந்த ஊர்ல வாழ்ந்தவங்க படம் எங்க கீது?" என்று கமிட்டிக்காரர்களைத் துளைத்தெடுத்து, கும்மியில் வரும் ஒரு காட்சியை வரைய வைத்துவிட்டார். பஞ்சத்தில் தெருமுனையில் கொப்பரை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றிய மெத்தைக்கடை பாய் வீட்டு அம்மா. ஆளுயரப் படம். தலையில் முக்காடு, கையில் கரண்டி.

கரண்டிதான் வினையாகப் போயிற்று. அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் கரண்டியைப் பார்த்ததும் அன்னபூரணி என்று முடிவு கட்டிவிட்டது. நெற்றியில் குங்குமம், காலடியில் கற்பூரம், சுவரெல்லாம் கரி. சார் பதறிப்போனார். அதிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமி சாயங்காலமும் படத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். துணைக்கு நான். வாடகைக்கு இருப்பவன் மறுக்க முடியுமா?

"சாமி இல்லீங்க! கும்பிடாதீங்க! இது ஹிஸ்டரி!"

"சரிங்க, அந்த அம்மனுக்கு என்னா படைக்கணும்?" என்றார் ஒரு பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர். கேட்டுக்கொண்டே சாருடைய நெற்றியிலும் விபூதி பூசிவிட்டார்.

எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த போளூர்க்காரர்கள் அன்றைக்குத்தானா கிரிவலம் வர வேண்டும்! என் கழுத்தில் 'கற்பூரம் ஏற்றாதீர்' என்று சார் எழுதி மாட்டிவிட்ட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. வெட்கத்தில் இரண்டு வாரம் பஜார் பக்கமே நான் தலைகாட்டவில்லை.

சாருக்கோ வேறு கவலை. "அந்தம்மா நெத்தியில குங்குமம் வெச்சிட்டாங்களே தம்பி. பாய் வீட்டுக்காரங்க பார்த்தா என்னா நெனைப்பாங்க?"

அந்த அம்மாவின் வம்சத்தார் எங்கள் தெருக்கோடியில் இன்னமும் மெத்தைக்கடைதான் வைத்திருந்தார்கள். சார் தலை வைத்துப் படுக்கும் தலையணையே அந்தக் கடையில் தைத்ததுதான். ஆனாலும் கும்மியில் அவர்கள் வீட்டு அம்மா இருப்பதை அவர் ஒரு நாளும் அவர்களிடம் சொன்னதில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனோம். சாட்சிக்குக் கும்மியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார் சார். பாய் மெத்தைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் கோபப்படவில்லை.

"எங்க வீட்டு அம்மாவா? எங்களுக்கே தெரியாதே சார்! எங்க, காட்டுங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, பஞ்சு ஒட்டிய கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

பழக்க தோஷம். அலமாரிக்கு முன்னால் ஊரையே விரட்டிய அதே குரலில் வந்துவிட்டது. பாய் கையை மெதுவாக இழுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல சார், கை அழுக்குதான். நீங்களே படிங்க, கேட்டுக்கறேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வாழைப்பழத்துக்குப் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

சார் அந்தப் பக்கத்தைத் திறந்தார். கைக்குட்டை கட்டவில்லை. கொப்பரை வந்தது, கஞ்சி வந்தது, யார் என்று கேட்காமல் ஊற்றிய கை வந்தது. அந்த வரிசையில் தானும் நின்று வாங்கிக் குடித்ததாகப் பாட்டனார் பாடியிருந்த இடத்தில் சார் படிப்பதை நிறுத்தினார். அப்புறம் புத்தகத்தை மூடி, பாயின் இரண்டு கைகளையும் பிடித்து, அவற்றில் வைத்தார்.

"இது உங்க வீட்டுப் பொஸ்தகம் பாய். இத்தினி நாளு எங்க வீட்ல இருந்துடுச்சி."

திரும்பி வரும் வழியில், "அந்தக் கையைப் போயி தொடாதேன்னுட்டேனே தம்பி" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பலகையைக் கழற்றிப் பரணில் எறிந்தார். மறுநாள் அவருடைய மனைவி முதல்முறையாக அலமாரியின் உள்பக்கத்தைத் துடைத்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு வெட்கம். சுவரைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகத் தனியாகக் கிளம்பிப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். அட்டையை எடுத்து நானே கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர் பின்னால் ஓடினேன்.