மூன்று ஓலையும் ஓர் அப்டேட்டும்

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பங்குக் கோயில் அலுவலகத்தில் கணினி ஒன்று உண்டு. அதில் ஞானஸ்நானப் பதிவேட்டு மென்பொருள், பெயர்களைச் சேமிக்கும் தரவுத்தளம், தமிழ் எழுத்துரு, அச்சுப்பொறிக்கான மென்பொருள் என நான்கு உருப்படிகள். நான்கும் 2016 நவம்பரில் ஒன்றாக நிறுவப்பட்டவை. ஒன்றையொன்று நம்பிப் பிழைப்பவை.

இவை விவரங்கள். இனி ஆளைப் பார்ப்போம்.

புதுப்பிப்பவர் என்றோர் இனம் உண்டு, நீங்களும் அறிவீர்கள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மாமனாரின் கைப்பேசியையும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் அவர்கள் அசந்த நேரத்தில் புதுப்பித்து, அவை வாயடைத்துப் போனதும், கோளாறு பழையதில்தான் இருந்தது என்று நிரூபித்து, காபியும் குடித்துவிட்டே எழுவார். எது எதைத் தாங்கி நிற்கிறது என்று முதலில் பார்ப்பாரா? பார்த்தால் அவர் வேறு இனம்.

அந்தக் கோயில் அலுவலக எழுத்தர் லூர்து பிரகாஷ் இவ்வினத்தின் அசல் மாதிரி. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ரோஸ்லின் ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்தாள். மறுநாள் முதல் மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், சான்றில்லாமல் வாசிக்கமாட்டார்கள். மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திருமணம். அந்த வாரமே, கல்யாணம் நடத்தாத தவக்காலம் தொடங்குவதால், ஒரு ஞாயிறு தவறினாலும் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"புதுசு ஒண்ணு வந்திருக்கும்மா. ரெண்டு நிமிஷம், போட்டுட்டுத் தரேன்."

"பழசுலயே குடுங்கண்ணா."

"பழசுல இன்னா இருக்குது?"

புது மென்பொருள் புதுத் தரவுத்தளம் கேட்டது. கொடுத்தார். அது பழைய எழுத்துருவை ஏற்கவில்லை. மாற்றினார். புது எழுத்துரு பழைய அச்சுப்பொறிக்குப் புரியவில்லை. மாலை நான்கு மணிக்குச் சான்று வெளிவந்தது: ரோஸ்லின், தந்தை, தாய், ஞானத்தாய் அனைவரும் சின்னஞ்சிறு கட்டங்களாக.

"யாருண்ணா இது?"

"நீதாம்மா."

"பழசையே திரும்பப் போடுங்க."

"எடத்தை அடைக்குதுன்னு அழிச்சிட்டேன்."

கையெழுத்துப் பதிவேடோ பைண்டிங்குக்குப் போயிருந்தது. ரோஸ்லின் கட்டங்களை மடித்துப் பையில் வைத்தாள்.

"ரெண்டு பேரு சேர்றதுக்கு மூணு ஞாயிறு ஊரையே கேக்கறாங்க, ஆட்சேபம் இருக்கான்னு. நாலு பேரு ஒத்துமையா இருந்த வூட்ல நீங்க ஒருத்தரையும் கேக்காம பூந்துட்டீங்களேண்ணா."

லூர்து பிரகாஷின் கை சுட்டெலியைத் தேடியது. திரையில் இன்னொரு சிவப்புப் புள்ளி தோன்றியிருந்தது.

சிரிக்கும் வாசகரே, உங்கள் கைப்பேசியிலும் ஒரு புள்ளி காத்திருக்கிறது. விரல் எங்கே போகிறது?

ரோஸ்லினின் ஓலை ஈஸ்டருக்குப் பின்னரே வாசிக்கப்பட்டது. நான்கு உருப்படிகளும் கூடி வாழ்ந்த காலம்: எட்டு ஆண்டு, மூன்று மாதம்.