ஆயிரத்து எண்பத்தேழாவது ஆள்

"நாலு சனிக்கிழமை மிஸஸ் சட்கிளிஃப், நாலே நாலு சனிக்கிழமை! அதுல ஒண்ணுகூட எங்க மைதானத்துல இல்லன்னா இது என்ன நியாயம்?"

வில்ஃப்ரெட் ஆக்ராய்ட் தொலைபேசியில் இப்படிக் கத்தியபோது, அடுக்களையில் அவர் மனைவி மேவிஸ் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. பிராக்கன்வெல் டவுன் கால்பந்துக் கிளப்பின் செயலாளரோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குக் கத்தல் ஒரு சேதியே இல்லை.

விஷயம் இதுதான். கோடையில் நடத்தினால் பாலைவன வெயிலில் ஆட்டக்காரர்கள் வெந்துபோவார்கள் என்று, பெரிய மனிதர்கள் கூடி உலகக் கோப்பையைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சீசனின் நட்டநடுவில் பெரிய லீகுகள் கடையைச் சாத்தின. பக்கத்து நகரத்தின் சிவப்புச் சட்டைக் கிளப்பும் பூட்டு, நீலச் சட்டைக் கிளப்பும் பூட்டு. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கே போவதென்று தெரியாத ஆயிரக்கணக்கான ஆண்கள், மனைவிமாரோடு கடைக்குப் போய் ஜன்னல் திரை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைப் போன்ற குட்டி லீகுகளுக்கு விடுமுறை கிடையாது. எங்கள் பையன்களில் ஒருவரையும் எந்த நாடும் கூப்பிடவில்லை. எங்கள் முன்கள வீரர் குழாய் ரிப்பேர் செய்பவர். கோல்கீப்பர் தபால்காரர், ஊரில் எந்த நாய்க்கும் பயப்படாத ஆள்.

பிராக்கன்வெல்காரர் யாராவது நகரத்துக்குப் போய் "நான் பிராக்கன்வெல் ஆதரவாளன்" என்றால், எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "அது சரி, உங்க நிஜக் கிளப் எது?" இந்தக் கேள்விதான் வில்ஃபின் நெஞ்சில் முப்பத்தொரு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள். எங்கள் மைதான வாசலில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. 'அதிகபட்சப் பார்வையாளர்கள் 1,086. ஆண்டு 1957.' அதற்குப் பிறகு எங்களுக்கு வழக்கமாக வருகிறவர்கள் எண்பத்து மூன்று பேர். ஹெர்பர்ட்டின் நாயைச் சேர்த்தால் எண்பத்து நான்கு.

அந்தப் பலகையை ஒருமுறையாவது மாற்றி எழுதிவிட்டுத்தான் பதவியை விடுவது என்று வில்ஃப் சபதம் எடுத்திருந்தார். கடவுளே நகரத்து மைதானங்களைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்த மாதிரி ஒரு மாதம் வந்தது. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் முதல் வாரம் வெளியூர், இரண்டாம் வாரம் வெளியூர், மூன்றாம் வாரம் ஆட்டமே இல்லை. மிச்சமிருந்த ஒரே சனிக்கிழமையும் மார்ஷ்பியில், ஐவி சட்கிளிஃபின் மைதானத்தில்.

"இந்த ஆட்டத்த எங்க ஊருக்கு மாத்திக்குங்க, அடுத்தத நீங்க வெச்சுக்குங்க" என்றார் வில்ஃப்.

"பதினாலு நாள் முன்னாடி மனு போட்டாதான் ஆட்டத்த மாத்த முடியும், மிஸ்டர் ஆக்ராய்ட். விதி பதினேழு. அந்தப் புத்தகத்த எனக்கே மனப்பாடம் பண்ணிவிட்டவரு நீங்கதானே" என்று மார்ஷ்பி ரோவர்ஸின் செயலாளர் ஐவி இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. மார்ஷ்பி மைதானம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மதியத்துக்குள் பெனால்டி புள்ளியில் வாத்துகள் நீந்தின. சாயங்காலம் ஐவியே தன் சின்னக் காரில் வந்து இறங்கினாள்.

"தண்ணி தேங்கினா மைதானத்த மாத்திக்கலாம். அதுக்கு நாள் கணக்கு கிடையாது. படிவத்த நானே நிரப்பிட்டேன், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் கண்ணு."

அந்த நேரம் வில்ஃபின் ஒரு கையில் பசை வாளி, மறு கையில் சுவரொட்டிக் கட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியில், இறைச்சி வைத்துச் சுட்ட சாசேஜ் ரோல் விற்கும் கடைக்காரரின் குரல். மழை பட்ட மூக்குக்கண்ணாடி வழியே காகிதம் ஒரு வெள்ளைக் கலங்கலாகத்தான் தெரிந்தது. காரின் முன்பக்கத்தில் வைத்துப் போட்டார் கையெழுத்து.

"படிச்சியா?" என்றாள் மேவிஸ்.

"லீக்ல அந்தப் புத்தகத்த என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?"

"நான் அதக் கேக்கல."

வில்ஃப் காதில் வாங்கவில்லை. நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டப் போய்விட்டார். 'உங்கள் கிளப்புக்கு லீவு. எங்களுக்கு இல்லை! சிவப்போ நீலமோ, சீசன் சீட்டைக் காட்டினால் சாசேஜ் ரோல் இலவசம்.'

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே சுழல் வாசலில் வரிசை தபால் நிலையம் வரை போனது. வாசலில் எண்ணிக்கை பார்க்கும் நார்மன், கையிலிருந்த எண்ணும் கருவியை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கிப்போய் நின்றான்.

"வில்ஃப், சிவப்பும் நீலமும் ஒரே பக்கம் நிக்குது. பாட்டு ஆரம்பிச்சிட்டானுங்க. நல்ல பாட்டு இல்ல."

வில்ஃப் ஓடிப்போய் நடுவில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினார். அது வினையாகிவிட்டது. கயிறு கட்டியதும் சிவப்புக்காரர்கள் "நாங்க பிராக்கன்வெல்!" என்று கத்தினார்கள். அவர்கள் பிராக்கன்வெல் என்ற ஒரே காரணத்துக்காக நீலக்காரர்கள் அத்தனை பேரும் "அப்ப நாங்க மார்ஷ்பி!" என்று கிளம்பிவிட்டார்கள். மார்ஷ்பி எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"என் செலவுல சாசேஜ் ரோல் தின்னுட்டு எதிராளிக்குக் கை தட்டுறானுங்க!" என்று வில்ஃப் தலையில் கை வைத்தார்.

"இனி தின்ன மாட்டானுங்க. தீந்துபோச்சு" என்றாள் தேநீர்க் கடையிலிருந்து மேவிஸ்.

அப்போது ஐவி தன் வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே முந்நூறு சாசேஜ் ரோல், ஒரு அண்டா பட்டாணிக் கூழ், புத்தம்புதிய ஆட்டப் பந்து. "எதுக்கும் இருக்கட்டுமேன்னு" என்றாள்.

"பாத்தியா மேவிஸ்? விருந்தாளின்னா இப்படி இருக்கணும். வெறுங்கையோட வரல" என்று வில்ஃப் நெகிழ்ந்துபோனார்.

அந்த நெகிழ்ச்சியில்தான், மார்ஷ்பி பையன்கள் வெந்நீர் வரும் எங்கள் பெரிய உடைமாற்றும் அறைக்குள் புகுந்தபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பையன்கள் புல்வெட்டும் எந்திரத்தோடு கொட்டகையில் உடை மாற்றினார்கள். வெளியே வந்து பார்த்தால் இரண்டு அணியும் பச்சைச் சட்டை.

நடுவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், ஐவியைப் பார்த்தார், பிறகு வில்ஃபைப் பார்த்தார். "நீங்க மாத்திடுங்க சார்."

"நாங்களா?"

"நீங்கதான்."

சட்டை மாற்றவேண்டியது விருந்தாளி அணிதான்; நகரத்திலிருந்து வந்த நடுவர், ஒன்றும் தெரியாதவர் என்று வில்ஃப் பெரிய மனது பண்ணினார். வேறு சட்டை கைவசம் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் வழி காட்டிக்கொண்டிருந்த பதினொரு பேரின் ஒளிரும் மஞ்சள் மேல்சட்டைகளைக் கழற்றி வாங்கிவந்து பையன்களுக்கு மாட்டிவிட்டார்.

அதோடு வெளியே வழி காட்ட ஆள் இருந்தும் யாரும் மதிக்கவில்லை. கார்கள் கண்ட இடத்தில் நின்றன. பாதிரியார் வீட்டு வாசலில் ஒன்பது கார். உள்ளே ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடம், கோட்டோரம் பந்தோடு ஓடிய எங்கள் குழாய்க்காரரை ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, என் வண்டிய எங்க விடறது?" என்று கேட்டார். அந்த இடைவெளியில் பந்தைப் பறித்த மார்ஷ்பிக்காரன் கோல் அடித்தான். நீலப் பக்கம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

இடைவேளையில் வில்ஃப் கோலைப் பற்றிக் கேட்கவில்லை. "நார்மன், எவ்வளவு?"

"ஆயிரத்து எண்பத்தஞ்சு."

வில்ஃப் விரல் விட்டு எண்ணினார். பலகையை மாற்ற இன்னும் இரண்டே பேர். "ஆட்டக்காரங்கள எண்ணினியா?"

"ஆட்டக்காரன் பார்வையாளன் இல்ல. நீதான் சொல்லிக்கொடுத்த."

"நீ வெளிய போயிட்டு உள்ள வா" என்றாள் மேவிஸ். "ரெண்டு தடவ வா. சாதனை முடிஞ்சுது."

வில்ஃப் நிமிர்ந்தார். "பொய்க் கணக்குல ஒரு எண்ண அந்தப் பலகையில எழுதினா, அப்புறம் அதுக்குக் கீழ நான் எப்படி நடப்பேன்?"

இந்த ஒரு பதிலுக்காகவே அவருடைய மற்ற கிறுக்குகளை நாங்கள் மன்னித்து வந்திருக்கிறோம். மேவிஸும் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் நீட்டினாள்.

அந்த நேரத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் ஹெர்பர்ட், நாயோடு. "நாப்பது வருஷமா வர்றேன். என் ஊர்ல எனக்கே வண்டி நிறுத்த இடமில்ல!" ஆயிரத்து எண்பத்தாறு. சமம். நாயைச் சேர்க்கலாமா என்று நார்மன் கண்ணாலேயே கேட்டான். வில்ஃப் கண்ணாலேயே மறுத்தார்.

இரண்டாம் பாதி ஓடியது. ஒருவரும் வரவில்லை. எழுபத்தைந்தாவது நிமிடத்தில், காலில் வீட்டுச் செருப்போடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"நான் ஆட்டம் பாக்க வரல. ஆளப் பாக்க வந்தேன். பால் வாங்கப் போறேன்னுட்டு காலையில கிளம்பின மனுஷன். நீலத் தொப்பி. உள்ள இருக்கானா?"

"இருப்பாரும்மா, கட்டாயம் இருப்பாரு!" வில்ஃப் கதவைத் திறந்து, அரசியை வரவேற்பது போலக் குனிந்தார். "ஆனா இந்தச் சுழல் வாசல் வழியாத்தான் போகணும்."

கருவி 'க்ளிக்' என்றது. ஆயிரத்து எண்பத்தேழு.

அந்தப் பெண் நீலப் பக்கம் போய்க் கணவனைத் தேடிப் பிடித்துத் திட்டினாள். அவன் நீலம் என்பதற்காகவே கயிற்றைத் தாண்டிச் சிவப்புப் பக்கம் நின்று, "பிராக்கன்வெல்!" என்று கத்தத் தொடங்கினாள். அவள் குரலுக்குப் பயந்தோ என்னவோ மார்ஷ்பி தற்காப்பு ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. குழாய்க்காரர் பந்தை வலைக்குள் தள்ளினார். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது.

வில்ஃப் ஒலிபெருக்கியை எடுத்தார். முப்பத்தொரு வருஷமாக அதில் "எண்பத்து மூன்று" என்று சொல்லிப் பழகியவர் அவர்.

"இன்றைய பார்வையாளர்கள்..." பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆயிரத்து எண்பத்தேழு."

சிவப்பும் நீலமும் சேர்ந்து கத்தின. யாரோ கயிற்றை அறுத்துவிட்டார்கள். ஹெர்பர்ட்டின் நாய் மைதானத்துக்குள் ஓடியது. வாசலில் நின்றிருந்த வில்ஃபின் தோளை, சிவப்புத் துண்டு போட்ட ஒரு நகரத்துக்காரர் தட்டினார். "அடுத்து எப்ப சார் ஆட்டம்? பையன்களையும் கூட்டிட்டு வர்றேன். நிஜ ஆட்டம் பாத்து ரொம்ப நாளாச்சு." அந்த 'நிஜ' என்ற சொல்லைக் கேட்டதும் வில்ஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான். பெரிய கோப்பையை உலகத்தின் எந்த மூலையில் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளட்டும், அன்றைக்கு எங்கள் ஊரைவிடப் பெரிய ஊர் எங்களுக்குத் தெரியவில்லை.

ஏணி போட்டுப் பலகையை இறக்கினார்கள். மேவிஸ் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, வில்ஃப் மண்டியிட்டுப் பழைய எண்ணை அழித்துவிட்டு, 1,087 என்று எழுதி முடித்தார். ஈர எழுத்து விளக்கில் மின்னியது.

ஐவி தன் காலி அண்டாவை வேனில் ஏற்றிவிட்டு வந்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மழையில் லேசாகச் சுருங்கியிருந்த படிவத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்டர் ஆக்ராய்ட், காஞ்சதும் எங்க வேன்ல ஏத்திடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டது மைதானத்த மாத்தத்தான், ஆட்டத்த மாத்த இல்ல. இது மார்ஷ்பியோட சொந்த ஆட்டம் கண்ணு, வந்த கூட்டமும் எங்க கணக்குதான், இன்னைக்கு விருந்தாளி நீங்கதான்."