நாற்பத்திரண்டாவது கையெழுத்து

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் காட்டுக்கு ராஜா கிடையாது, கல்லூரிக்கு முதல்வர் உண்டு. அவர் ஒரு வரையாடு. கல்லூரியில் குற்றவியல் நீதித் துறை என்று ஒரு துறை. அதில் நாற்பத்திரண்டு மாணவர்கள், ஒரே ஒரு பூதக்கண்ணாடி, நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்க ஒரு கீரி. அந்தக் கீரி நான்தான். கீரி என்றதும் வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். பாம்பு எதிரில் வந்தால் நான் அதனிடம் வருகைப் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பேன்.

மாணவர்கள் எதையாவது செய்வார்கள். அதைச் சாதனையாக்குவது என் வேலை. ஒருமுறை திருட்டு ஒழிப்புப் பேரணி நடத்தினோம். பேரணி முடிந்தபோது பேனரைக் காணவில்லை. அதைச் ‘சமூகத்துடன் நெருங்கிய தொடர்பு’ என்ற தலைப்பில் எழுதினேன். கொலை நடந்த இடத்தை ஆராயும் பயிற்சிக்கு ஒரு மான் பிணமாகப் படுத்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த சிறுத்தை கொஞ்சம் அதிக நேரம் முகர்ந்து பார்க்கவே, பிணம் எழுந்து மூன்று மலை தாண்டி ஓடியது. அது விளையாட்டுச் சாதனைகளில் இருக்கிறது. கைரேகைப் பயிற்சியில் குளம்புள்ளவர்களுக்கு விலக்கு அளித்தோம். அனைவரையும் அரவணைக்கும் கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பக்கத்துக் காட்டிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவர்களுக்கு நாலு காகிதம் வேண்டும்: அழைப்பிதழ், இடமும் நேரமும் அடியில் அச்சான போட்டோ, மாணவர் கையெழுத்துடன் வருகைப் பதிவேடு, பின்னூட்டப் படிவங்கள். நிகழ்ச்சி நடந்ததா என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

இந்த முறை குழு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு கருத்தரங்கு குறைந்தது. போன வருடக் கருத்தரங்கில் பேசுவதற்காகக் கிளம்பிய ஆமை ஐயா இன்னும் வழியில்தான் இருந்தார். ஆகவே அவரே இந்த வருடமும் பேசிவிட்டதாக முடிவு செய்தேன். தலைப்பு, ‘பொய்ச்சாட்சியம்: கண்டறிதலும் தடுத்தலும்’. தலைப்பை யோசித்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு பழகிவிட்டது.

புதன்கிழமை காலை டீ இடைவேளையில் மாணவர்களை அரங்கில் உட்கார வைத்தேன். பேனர் கட்டினோம், நான் மைக்கைப் பிடித்து நின்றேன், போனில் மணியை மதியம் இரண்டரை என்று மாற்றிவிட்டுப் போட்டோ எடுத்தோம், ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினோம். மொத்தம் ஏழு நிமிடம். வெளியே போகிற வழியில் எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். முள்ளி மட்டும் போடவில்லை.

முள்ளி ஒரு முள்ளம்பன்றி. காட்டில் எங்கே கிழங்கு காணாமல் போனாலும் முதலில் அவர்கள் வளையில்தான் தேடுவார்கள். அவள் தாத்தாவை ஒருமுறை, அப்பாவை இரண்டுமுறை இழுத்துப் போய் விசாரித்திருக்கிறார்கள். மூன்று முறையும் கிழங்கு வேறிடத்தில் கிடைத்தது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால்தான் அவள் காட்டுக் காவல் படையில் சேர வேண்டும் என்று இருந்தாள். தேடுகிற பக்கம் எங்கள் ஆளும் ஒருத்தர் இருக்கட்டுமே சார் என்று முதல் வருடமே என்னிடம் சொல்லியிருக்கிறாள். உடல்தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு இரண்டிலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது ஒரு நன்னடத்தைச் சான்றிதழ். சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த தேர்வு நாலு வருடம் கழித்து, அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

பதிவேட்டை அவளிடம் நீட்டியபோது, கருத்தரங்கு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இப்போதுதான் முடிந்தது என்றேன். அவள் திமிராக ஒன்றும் சொல்லவில்லை, பணிவாகத்தான் சொன்னாள்.

“நான் கேக்காத பேச்சைக் கேட்டேன்னு எப்படி சார் கையெழுத்துப் போடறது?”

எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பத்தியொன்று போதும் என்று பதிவேட்டை மூடினேன்.

மறுநாள் காலை துறையின் ஒரே பூதக்கண்ணாடியைக் காணவில்லை. மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட எங்களிடம் ஆய்வகம் என்று இருந்ததே அதுதான். முதலில் கூச்சல் போட்டது நான். புதன் மதியம் இரண்டு மணிக்கு அது மேசைமேல் இருந்ததைச் சாட்சியச் சட்டம் நடத்தும் தேவாங்கு மேடம் பார்த்திருந்தார். அதன்பின் வழக்கம்போல் பகல் தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்குப் பூட்டப் போனால் மேசை காலி. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரெல்லாம் வேறிடத்தில் இருந்ததாக ஆதாரம் இருக்கிறதோ அவர்களை எல்லாம் கழித்துவிட்டால், மிச்சம் இருப்பவர்தான் திருடர். விலக்கல் முறை என்று இதற்குப் பெயர். பத்து வருடமாக நான் நடத்தும் பாடம். முதல்வரிடம் அதை நானே பெருமையாக எடுத்துச் சொன்னேன்.

முதல்வர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நாற்பத்தியொரு பேர் இரண்டு மணி முதல் நாலு மணிவரை பொய்ச்சாட்சியக் கருத்தரங்கில் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் இல்லை.

அன்று மதியமே விசாரணை நடந்தது. முதல்வர் தலைவர், தேவாங்கு மேடம் உறுப்பினர், குறிப்பெடுப்பவன் நான். புதன் மதியம் நூலகத்தில் இருந்ததாக முள்ளி சொன்னாள். நூலகர் ஆந்தை; பகலில் யார் வந்தது, யார் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கருத்தரங்கே நடக்கவில்லை என்றும் சொல்லிப் பார்த்தாள். மற்ற மாணவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த நேரத்தில் மாந்தோப்பில் இருந்தவன், ஆற்றில் கிடந்தவன், விடுதிச் சமையலறையில் நுழைந்தவன் எல்லாருக்கும் கருத்தரங்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு மந்தி, ஆமை ஐயா பேச்சிலிருந்து இரண்டு கருத்துகளை எடுத்தே சொன்னது. இரண்டும் நல்ல கருத்துகள், நான் குறித்துக்கொண்டேன்.

முள்ளி என்னைப் பார்த்தாள். அவள் எடுத்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நடக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து வருடத்து அறிக்கைகள் கண்முன் வந்து நின்றன, நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருட வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றுதான். விசாரணை முடியும்வரை நன்னடத்தைச் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது என்று முதல்வர் சொல்ல, அதையும் பிழையில்லாமல் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த விசாரணைக் குறிப்பைக் கோப்பில் சேர்ப்பதற்காக மதிப்பீட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பூதக்கண்ணாடி இருந்தது.

மதிப்பீட்டுப் படிவத்தின் அடிக்குறிப்புகளை எறும்பால்தான் படிக்க முடியும். புதன் மதியம் இரண்டேகாலுக்கு ஆய்வகத்துக்குப் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, என் பொந்தில் உட்கார்ந்து, அப்போது நடந்துகொண்டிருந்த கருத்தரங்கைப் பற்றிய அறிக்கையை எழுதினேன். எழுதி முடித்த அலுப்பில் அதையும் காகிதத்தோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு, எடுத்ததையே மறந்திருக்கிறேன். திருட்டைக் கண்டுபிடித்தவன், விசாரிக்க வழி சொன்னவன், குறிப்பெழுதியவன், திருடியவன் நாலு பேரும் நானே.

இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். தேவாங்கு மேடமும் இருந்தார். நான்தான் எடுத்தேன், முள்ளி இல்லை என்றேன். எப்போது எடுத்தீர்கள் என்று முதல்வர் கேட்டார். புதன் இரண்டேகால் மணிக்கு என்றேன். அவர் அலமாரியிலிருந்து என் கருத்தரங்குக் கோப்பையே எடுத்து, என் போட்டோவையே என் முன்னால் வைத்தார்.

“இதுல மைக் பிடிச்சிருக்கறது யாரு?”

“நான்தான் ஐயா. ஆனா அது காலையில எடுத்தது. மணியை மாத்தி வச்சோம்.”

“கீழ ரெண்டரைன்னு அச்சாயிருக்கே.”

“கருத்தரங்கே நடக்கலை ஐயா.”

முதல்வர் மெதுவாகப் பின்னூட்டப் படிவங்களைப் புரட்டினார். கீரி சாரின் வரவேற்புரை நெஞ்சைத் தொட்டது. கீரி சார் முக்கால் மணி நேரம் பேசியும் அலுக்கவில்லை. கீரி சார் நிகழ்ச்சி முடியும்வரை ஒரு நிமிடம்கூட அரங்கைவிட்டு நகரவில்லை. நாற்பத்தியொரு படிவம், நாற்பத்தியொரு விதக் கையெழுத்து. அத்தனையும் நான் இடதுகையாலும் வலதுகையாலும் மாற்றி மாற்றி எழுதியவை. அதையும் சொன்னேன். கையெழுத்து ஒன்றுபோல் இல்லையே என்றார் முதல்வர். என் உழைப்பு அப்படி.

தேவாங்கு மேடத்தின் பெரிய கண்களில் தண்ணீர் நின்றது.

“ஒரு பொண்ணைக் காப்பாத்தறதுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறீங்களே சார். இருபது வருஷத்துல இப்படி ஒரு வாத்தியாரை நான் பாத்ததில்லை.”

பூதக்கண்ணாடி என் கையில் இருக்கிறதே என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் விடை இருந்தது. மனம் திருந்தி முள்ளிதான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், நான் காட்டிக் கொடுக்க மறுக்கிறேன். ஆக, அவள் எடுத்தது இப்போது உறுதி. சந்தேகமாக இருந்த வழக்கை நான் போய் நிரூபித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல்வர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவர் நிஜமாகவே நம்பினாரா, திங்கட்கிழமையை நினைத்து நம்பினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் நின்று தாடியைத் தடவிக்கொண்டே ஒன்று சொன்னார்.

“அந்தப் பொண்ணு பேரு பதிவேட்டுல இருந்திருந்தா நானும் என்ன சொல்லப்போறேன்? சில சமயம் ரெண்டாவது தாள்னு ஒண்ணு இருக்கும். நல்லாத் தேடிப் பாருங்க.”

சனிக்கிழமை காலை முள்ளியைத் தேடிப் போனேன். நூலகத்தில் இருந்தாள், எதிரில் ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு தாள் கோடு போட்டு எடுத்துப் போயிருந்தேன். மேலே கருத்தரங்கின் பெயர், புதன்கிழமைத் தேதி, கீழே ஒரே ஒரு வரிசை, எண் நாற்பத்திரண்டு. பூதக்கண்ணாடி என் பெட்டியில் இருந்ததையும், முதல்வரிடம் போனதையும், அங்கே நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“உண்மையைச் சொல்லிட்டீங்களா சார்?”

“எல்லாத்தையும் சொன்னேன்.”

“அப்புறம் ஏன் நம்பலை?”

“உண்மைக்கு எங்கிட்ட ஒரு காகிதம்கூட இல்லைம்மா. பொய்க்குத்தான் எல்லாம் வச்சிருக்கேன்.”

அவள் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது. மாலைக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். அவள் பேனாவை வாங்கி, நிதானமாக, முழுப் பெயரும் தெரிகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, பின்னூட்டமும் எழுதணுமா சார் என்று கேட்டாள். ஒரு படிவம் கொடுத்தேன். எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது தாளைப் பார்த்து முதல்வர் மகிழ்ந்தார். மதியம் மூன்று மணிக்குச் சான்றிதழில் கையெழுத்தாயிற்று, ‘இவர் நேர்மையானவர் எனத் துறைக்கு நன்கு தெரியும்’ என்ற வாசகத்துடன். முள்ளி காவல் படையில் சேர்ந்தாள். திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு எங்களுக்கு உயர்ந்த தரம் கொடுத்தது. காணாமல் போன ஆய்வகக் கருவியை இரண்டே நாளில் மீட்டது மாணவர் சாதனைகளில் முதலாவதாக இருக்கிறது. கருத்தரங்கில் நூற்றுக்கு நூறு பங்கேற்பு இரண்டாவது. தேவாங்கு மேடத்தின் பரிந்துரையில் தியாக ஆசிரியர் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

குழு போன பிறகு கோப்புகளைக் கட்டும்போதுதான் முள்ளியின் பின்னூட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். பொய்ச்சாட்சியம் பற்றிய இந்தக் கருத்தரங்கில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்ற கேள்விக்கு, “எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டேன்” என்று எழுதியிருந்தாள். நாற்பத்திரண்டு படிவங்களில் நான் எழுதாதது அது ஒன்றுதான்.

நீதி: குற்றம் செய்யாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் முதலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு செய்யாமல் இருங்கள்.