சளியில் பாஸானவர்

ஆஸ்பத்திரியில் சோதனை செய்வது நோயைக் கண்டுபிடிக்கத்தானே? அது உங்களையும் என்னையும் போன்ற அப்பாவிகளின் எண்ணம். அதையே ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டு, பாஸாகாமல் திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்புகிற ஒரு ரகம் இருக்கிறது. பாச்சலூர் வாழை விவசாயி திருமலைச்சாமி அதில் முதல் ராங்க்.

மாசக்கணக்காக இருமல். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கேட்டால், "மலைக்குளிருங்க" என்பார். சித்திரையில் ஏது ஐயா குளிர்? இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிவிட்ட மனைவி சண்முகவள்ளி அழுது அடம்பிடித்துத்தான் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பினாள்.

ஆய்வுக்கூடத்துத் தேவகுமாரி டப்பா கொடுத்து, காலையில் எழுந்ததும் நன்றாக இருமி நெஞ்சுச் சளியைக் கொண்டுவரும்படி படித்துப் படித்துச் சொன்னாள். நம்மவர் வெள்ளனே எழுந்தார், பல் விளக்கினார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், சுக்குக் காபி குடித்தார், நெஞ்சில் கிடந்ததையெல்லாம் வாழை மரத்தடியில் காறித் துப்பினார், கடைசியில் வந்த சுத்தமான எச்சிலை டப்பாவில் பிடித்துக்கொண்டு, திருநீறு பூசி பஸ் ஏறினார்.

"ஏங்க, இது வெறும் எச்சிலுங்க. சளி எங்க?" என்றாள் தேவகுமாரி.

"அந்தக் கருமத்தைப் போயி பொம்பளப் புள்ள கையில குடுக்கிறதா? நீ பாரும்மா."

பார்த்தாள். "கிருமி ஒண்ணும் தெரியல. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அவர் நிற்கவில்லை. வழியெல்லாம் இருமிக்கொண்டே ஊருக்கு வந்து, தெரு முழுக்கப் பழனிப் பஞ்சாமிர்தம் விநியோகித்தார்.

கொஞ்ச நாளில் சண்முகவள்ளி இருமத் தொடங்கினாள். அவளுக்குப் பரீட்சை எழுதத் தெரியாது. வந்த சளியை வந்தபடியே கொண்டுபோய்க் கொடுத்தாள். கிருமி இருந்தது.

திருமலைச்சாமி ஆடிப்போனார். "என்னடி வள்ளி, பெயிலாயிட்ட?"

"நீங்க பாஸான லட்சணந்தான் இது. வெரசா எந்திரிங்க, இந்தத் தடவ என் கண்ணு முன்னால இருமுங்க."

பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப் போனது. இருமினார். இந்த முறை அவருக்கும் கிருமி. அவளுக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், மாத்திரையில் தேறிவிடுவாளாம். அவருக்கோ நுரையீரல் ஒரு பக்கம் அரித்துப் போயிருக்கிறது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரக் காய்ச்சலை மருந்துக்கடை மாத்திரையால் இறக்கிவிட்டுத்தானே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள்? "காய்ச்சல் இல்லையே" என்று அவர் சொன்னதும் என்ன ஒரு பெருமிதம்!

சரி, இப்போது உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சுடுகிறது?