நான்காம் படியில் அண்ணன்

இனி யார் மேலும் கோபப்படுவதில்லை என்று நான் முடிவெடுத்த அன்று காலையிலேயே மனைவியிடம் இரண்டு தடவை கத்திவிட்டேன். இவ்வளவு பெரிய முடிவை அவள் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் காரணம்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எல்லாம் கண்ணைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்ப்பவன். வீட்டுக்கு வந்தால் என் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றும். ஆறு வருடமாக நெஞ்சில் ஒரு பாரம். நான் புலம்புவதைக் கேட்டுச் சலித்துப்போய் மனைவிதான் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். தியானம், புத்தர், கருணை. ஒரே மூச்சில் படித்துவிட்டு இன்னும் நாலு கேட்டேன். புத்தர் மனைவியை விட்டுப் புறப்பட்ட பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அவரு அரண்மனையை விட்டுப் போனாரு. நீங்க வாடகை வீட்டை விட்டுப் போனா யாரு கதை எழுதப்போறாங்க? பேசாம உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உட்காருங்க."

உட்கார்ந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு. கருணைத் தியானத்துக்கு நான்கு படிகள் என்றது புத்தகம். முதலில் தன்மேல் அன்பு செலுத்த வேண்டும். அங்கேயே மூன்று வாரம் தங்கிவிட்டேன். அவ்வளவு வசதியாக இருந்தது. இரண்டாவது, பிரியமானவர். மனைவியை நினைத்தேன், முந்தின நாள் சண்டை ஞாபகம் வந்தது, அடுத்த படிக்குத் தாவிவிட்டேன். மூன்றாவது, வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத ஒருவர். எதிர்வீட்டுத் தையல்காரரை வைத்துச் சமாளித்தேன். நான்காவது, பகையாளி.

அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. என் அண்ணன். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதிரில், "இவனுக்குக் கண்ணாடிக் கடை வேலையே நான் போட்ட பிச்சை" என்று சொல்லிச் சிரித்தவன். வேலை அவன் சிபாரிசில் கிடைத்ததுதான். உண்மை என்பதால் இன்னும் அதிகமாகச் சுட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவன் வாசலை மிதித்தால் இந்த வாசலை மிதிக்காதே என்று மனைவிக்கும் உத்தரவு போட்டிருந்தேன்.

அந்த அண்ணனைக் கண்ணுக்குள் நிறுத்தி, 'நலமாக இரு, நோயில்லாமல் இரு' என்று தினமும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். இரண்டு மாதத்தில் பல் வலித்தது. மனம் லேசாக இளகியது.

என் முன்னேற்றத்தில் மனைவிக்கு அபார அக்கறை.

"அரை மணி போதுமா? ஒரு மணி நேரமா ஆக்கினா என்ன?"

"என்னால முடியுமா?"

"உங்களால முடியாததா? சும்மா உட்கார்ந்திருக்கறதுல உங்களை யாரு ஜெயிக்க முடியும்?"

அவள் என்னை மனம் விட்டுப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பலனும் தெரிந்தது. கண்ணை மூடினால் குக்கர் விசில் இல்லை, பாத்திரம் உருட்டும் சத்தம் இல்லை. ஐம்புலனும் அடங்கிவிட்டது என்று பூரித்துப்போனேன். கண்ணாடி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

போன வாரம் ஒரு கொசு கணுக்காலில் கடித்தது. எல்லா உயிர்களிடமும் கருணை அல்லவா, பொறுத்துக்கொண்டேன். அது தன் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்து, "கொசுவத்தி எங்கே?" என்று கத்தினேன். பதில் இல்லை. வெளியே வந்து பார்த்தால் அடுப்படி குளிர்ந்து கிடக்கிறது. புலன் ஒன்றும் அடங்கவில்லை. வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாசலுக்கு ஓடினேன். எதிரே தையல்காரர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரியைப் பாத்தீங்களா?"

"உங்க அண்ணன் வீட்டுக்குத்தானே போயிருப்பாங்க. தினமும் இந்நேரம் போறதுதானே."

"தினமுமா?"

"நாலு மாசமா. அவர் விழுந்ததுல இருந்து..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பெருக்க ஆரம்பித்தார்.

ஏழு மணிக்குக் கையில் தூக்குப் பாத்திரத்தோடு அவள் வந்தாள். என்னை வாசலில் பார்த்தும் பதறவில்லை.

"அவனுக்கு என்ன?"

"பக்கவாதம். வலது பக்கம் அசையல. உங்க அண்ணி ஒருத்தியால அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வாசலை மிதிக்காதேன்னு கத்துவீங்க. அதான் உட்கார வச்சேன்."

புத்தகம் எதற்கு வீட்டுக்கு வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நானும் தினம் அவனுக்குக் கருணை அனுப்பிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

"வந்து சேரல. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. கிளம்புங்க."

இரண்டு தெருவும் நடந்து முடிப்பதற்குள் ஒரு வசனம் தயார் செய்துவிட்டேன். 'அண்ணா, உன்னை மன்னிச்சுட்டேன்.' சொன்னதும் அவன் அழுவான், நான் தட்டிக்கொடுப்பேன்.

அறைக்குள் நுழைந்ததும் வசனம் போன இடம் தெரியவில்லை. நான் கண்ணுக்குள் நிறுத்தி வைத்திருந்தவன் தொந்தியும் நக்கல் சிரிப்புமாக இருந்தான். கட்டிலில் கிடந்தவன் எலும்பும் தோலுமாக, வாய் ஒரு பக்கம் கோணிப்போய் இருந்தான். நாலு மாதமாக இப்படிக் கிடந்திருக்கிறான். நான் கதவைச் சாத்திக்கொண்டு அவனை நோயில்லாமல் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அண்ணா" என்றேன்.

அவன் குழறிக் குழறிப் பேசினான். "வா. தினமும் வந்து... காலைப் பிடிச்சு விடறியாமே. உன் பொண்டாட்டி சொன்னா. நான்தான்... தூங்கிப் போயிடறேனாம்."

மனைவியைப் பார்த்தேன். அவள் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

அண்ணன் அசைகிற காலை மெதுவாக நகர்த்தி என் பக்கம் நீட்டினான்.

"இன்னைக்கு முழிச்சிட்டுத்தான் இருக்கேன். ம், பிடி."